வளரும் தேகமும் விளையாட்டின் வேகமும்

2011-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில், ஆஸ்திரேலியாவுக்காகத் தம் முதல் டெஸ்ட் பந்தயத்தில் இறங்கிய பாட் கம்மின்ஸ் என்னும் 18 வயது வாலிபர், இரண்டாவது இன்னிங்ஸில் ஆறு விக்கெட்டுகளைச் சாய்த்து, பின்பு மட்டை பிடித்து வெற்றிக்குரிய ஓட்டத்தையும் தாமே எடுத்து, ஆட்ட நாயகன் விருதோடு மைதானத்தை விட்டு வெளியேறியபோது, அவருடைய அடுத்த டெஸ்ட் பந்தயம் 2017-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ராஞ்சியில்தான் நடக்கப்போகிறது என்று எவரேனும் சொல்லியிருந்தால் அதை நம்புவோர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் பெரும்பகுதியை அவருடைய முதுகெலும்பில் திரும்பத் திரும்ப உண்டான நுண்ணிய முறிவு விழுங்கிவிட்டது. கீழே விழுந்ததனால் வந்த முறிவல்ல அது; வேறொருவர் வந்து மோதியதனாலும் அல்ல. அவருக்குப் புகழைத் தேடித் தந்த அந்தப் பந்துவீச்சே, இன்னும் முற்றாத எலும்பின்மீது ஆயிரக்கணக்கான தடவை செலுத்திய பாரத்தின் விளைவு அது.

கம்மின்ஸ் மீண்டு வந்து தம் நாட்டுக்குத் தலைவராகி உலகக் கோப்பையையும் பெற்றுத் தந்தார் என்பது உண்மை. அவருக்கு வைத்தியர்களும், பயிற்சி நிபுணர்களும், காத்திருக்கும் பொறுமையுள்ள ஒரு கிரிக்கெட் ஸ்தாபனமும் துணை நின்றார்கள். நம் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் அதே வயதில் அதே வலியோடு பந்து வீசிக்கொண்டிருக்கும் பையனுக்கு அத்தகைய துணை வாய்ப்பதில்லை. ஒரு பருவம் சும்மா இருந்துவிட்டு, அடுத்த பருவம் மறுபடி வீசிப் பார்த்துவிட்டு, வலி விடவில்லை என்று கண்டதும் அவன் சத்தமில்லாமல் ஆட்டத்தை விட்டு விலகிவிடுகிறான். அவனைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை. ஆகையினாலேதான், வளரும் பிள்ளைகளின் தேகம் எவ்வாறு அசைகிறது, அது எவ்வளவு பலமாக இருக்கிறது, அவற்றுக்கும் காயத்துக்கும் உள்ள சம்பந்தம் யாது என்பதைப் பெற்றோரும் உடற்பயிற்சி ஆசிரியர்களும் சற்று நிதானமாக அறிந்துகொள்வது அவசியமாகிறது.

வேகப்பந்து வீசுகிறவர் ஓடிவந்து எம்பி, முன்காலைத் தரையில் ஊன்றுகிற அந்த ஒரு கணத்தில், அவருடைய தேக எடையைப் போல் சுமார் 5 மடங்கு விசை தரையிலிருந்து கால் வழியாக மேலேறுகிறது. அதே கணத்தில் அவருடைய நடுவுடல் பின்புறம் வளைகிறது, ஒரு பக்கமாகச் சாய்கிறது, சுழலவும் செய்கிறது. இந்த மூன்று அசைவுகளும் ஒருங்கே வந்து அழுத்துமிடம், இடுப்பின் அடிப்பாகத்திலுள்ள கடைசி இரண்டு முள்ளெலும்புகளின் பின்புறத்தில் இருக்கும் மிக ஒடுங்கிய எலும்புப் பாலமாகும். வலக்கையால் வீசுவோருக்குப் பெரும்பாலும் இடது பக்கத்துப் பாலமே பழுதடைகிறது. ஒரு கம்பியை ஒரே இடத்தில் வளைத்து நிமிர்த்தி, வளைத்து நிமிர்த்திக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் எவ்வாறு இற்றுவிடுமோ அவ்வாறே இந்த எலும்பும் இற்றுப்போகிறது. ஆனால் கம்பிக்கு இல்லாத ஒரு பாக்கியம் எலும்புக்கு உண்டு: போதிய ஓய்வு கொடுத்தால் அது தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்ளும். பாரம் ஏறுகிற வேகம் செப்பனிடுகிற வேகத்தை மிஞ்சும்போதுதான் முறிவு பிறக்கிறது.

வீசும் முறைக்கும் இந்த முறிவுக்கும் சம்பந்தம் உண்டா என்ற கேள்வியை முதலில் தீவிரமாக ஆராய்ந்தவர்களில் மேற்கு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த விளையாட்டு விஞ்ஞானிகள் முக்கியமானவர்கள். 1989-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், சராசரியாக 17 வயதை நெருங்கிய 82 இளம் வேகப்பந்து வீச்சாளர்களை ஒரு பருவம் முழுவதும் பின்தொடர்ந்து பார்த்தபோது, அவர்களில் நூற்றுக்குப் பதினொருவருக்கு முள்ளெலும்பில் முறிவும், நூற்றுக்கு இருபத்தேழு பேருக்கு முதுகின் தசைகளில் காயமும் உண்டாயின. பாதமும் இடுப்பும் ஒரு திசையை நோக்கியிருக்க, தோள்கள் முதலில் வேறு திசையில் திரும்பிப் பிறகு வெடுக்கென்று மீளும் கலப்பு முறையில் வீசியவர்களுக்கும், அளவுக்கு மிஞ்சி வீசியவர்களுக்குமே அபாயம் மிகுதியாக இருந்தது. இடுப்பும் தோளும் ஒரே திசையில் இருக்குமாறு வீசப் பழகினால், பக்கவாட்டில் நின்று வீசினாலும் சரி, நேர்முகமாக நின்று வீசினாலும் சரி, முதுகின்மேல் விழும் முறுக்கு குறைகிறது என்னும் பாடம் அங்கிருந்துதான் பயிற்சியாளர்களிடையே பரவிற்று.

இந்தச் சரித்திரத்தில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. ஆஸ்திரேலியாவின் மகத்தான வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி, 1973-இல் மேற்கிந்தியத் தீவுகளில் ஆடிக்கொண்டிருந்தபோது இதே முதுகு முறிவுக்கு ஆளானார். அவருடைய ஆட்டம் அத்துடன் முடிந்தது என்று பலரும் கருதினர். அவரோ பெர்த் நகரில் உடற்கல்வி நிபுணர் ஃபிராங்க் பைக் வகுத்துக் கொடுத்த அப்பியாசங்களைச் சிரத்தையோடு செய்து, தேகத்தை வலுப்படுத்திக்கொண்டு, வீசும் முறையையும் செப்பனிட்டுக்கொண்டு, 1974-ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்துக்கு எதிராகத் திரும்பி வந்து அவ்வணியைத் திணறடித்தார். அவரே 1987-இல் சென்னையில் தொடங்கிய எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சி நிலையத்துக்கு ஆசானாக வந்து, கால் நூற்றாண்டுக் காலம் நம் நாட்டு வாலிபர்களுக்குக் கற்பித்தார். தாம் முதுகொடிந்து கற்றதைப் பிறர் ஒடியாமலே கற்கவேண்டும் என்கிற எண்ணம் கொண்ட ஆசிரியர் கிடைப்பது அரிது. அந்தப் பாடம் சென்னை நகரத்து நிலையத்தின் மதிற்சுவரைத் தாண்டி நம் மாவட்டத்துச் சிற்றூர்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை என்பதே என் வருத்தம்.

வளர்ந்த மனிதரின் தேகத்துக்கும் வளர்கிற பிள்ளையின் தேகத்துக்கும் அளவில் மட்டுமே வித்தியாசம் என்று எண்ணுவது தவறு. பிள்ளைகள் திடீரென்று உயரும் பருவம் ஒன்று உண்டு. பெண்களுக்குச் சுமார் 12 வயதிலும், ஆண்களுக்குச் சுமார் 14 வயதிலும் அது உச்சம் கொள்கிறது. அந்த ஓராண்டில் ஒரு பையன் 9 சென்டிமீட்டர் வரையிலும், அதற்கு மேலும்கூட வளரலாம். முதலில் கால்கள் நீள்கின்றன. நடுவுடல் பிறகு நீள்கிறது. எடையும் தசையின் பலமும் அதற்கும் பிறகே வந்து சேருகின்றன. எலும்பு நீண்ட அளவுக்கு அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டிப்படுவதற்கு மேலும் பல மாதங்கள் ஆகின்றன. சென்ற வருஷம் லாகவமாக ஓடியாடிய பிள்ளை இந்த வருஷம் தட்டுத் தடுமாறுவதைக் கண்டு, கவனக் குறைவு என்றும் சோம்பல் என்றும் கடிந்துகொள்ளும் பயிற்சியாளர்கள், அவனுடைய மூளை புதிதாக நீண்டுவிட்ட கைகால்களை ஆளக் கற்றுக்கொண்டிருக்கிறது என்பதை உணரவேண்டும். அந்த மாதங்களில் பயிற்சியின் பாரத்தைச் சற்றுத் தளர்த்தி, நிதானமாகக் குதிக்கவும், தரையில் மெத்தென்று இறங்கவும், ஒற்றைக் காலில் நிலைகொள்ளவும் மறுபடி பழக்குவதே அறிவுடைமை.

நீள் எலும்புகளின் முனைகளில் வளர்ச்சி நடக்கும் குருத்தெலும்புத் தட்டுகள் இருக்கின்றன. அந்தப் பருவத்தில் இவை அருகிலுள்ள ஜவ்வைக் காட்டிலும் பலவீனமானவை. ஆகவே பெரியவருக்கு வெறும் சுளுக்காக முடியும் ஒரு திருகல், பிள்ளைக்கு வளர்ச்சித் தட்டிலேயே காயமாக முடியக்கூடும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, தொடைத் தசை வந்து பற்றுமிடத்தில் புடைத்து வலிக்கும் உபாதையை 1903-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஆஸ்குட் என்பவரும் சுவிட்ஸர்லாந்தில் ஷ்லாட்டர் என்பவரும் தனித்தனியே விவரித்திருக்கிறார்கள். குதிகாலில் வரும் அதுபோன்ற வலியை 1912-இல் செவர் என்னும் வைத்தியர் விவரித்தார். இவை பெரும்பாலும் ஓய்வினாலும் பாரத்தைக் குறைப்பதனாலும் தாமே தணிந்துவிடுகின்றன. ஆனால் தணிவதற்கு இடம் கொடுக்கவேண்டும். “வளர்கிற பையன், அப்படித்தான் வலிக்கும், போகப் போகச் சரியாகிவிடும்” என்று சொல்லி மறுநாளும் ஓடவிடுவது இடம் கொடுப்பதாகாது.

இனி, காயப்படப்போகும் பிள்ளையை முன்கூட்டியே கண்டுபிடித்துவிட முடியாதா என்ற ஆவல் எவருக்கும் எழக்கூடியதே. அந்த ஆவலிலிருந்து பிறந்ததுதான், கிரே குக், லீ பர்ட்டன் என்னும் இரண்டு அமெரிக்கர்கள் வகுத்த அசைவுச் சோதனை. முழுவதுமாகக் குந்துதல், தடையைத் தாண்டிக் கால் வைத்தல், ஒரே கோட்டில் முன்காலை மடக்கி இறங்குதல், தோளின் நெகிழ்வு, மல்லாந்து படுத்துக் காலை நீட்டியபடி உயர்த்துதல், தண்டால், நடுவுடலைச் சுழலவிடாமல் நிறுத்துதல் ஆகிய ஏழு அசைவுகளுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண் இட்டு, மொத்தம் 21-க்குக் கணக்கிடுவார்கள். 2007-இல் தொழில்முறை ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ அணியொன்றில் நடந்த சிறிய ஆய்வில், 14-ம் அதற்குக் குறைவும் பெற்றவர்கள் பலத்த காயம் அடைவதற்கு அதிக வாய்ப்பு இருந்ததாகத் தெரியவந்தவுடன், அந்த 14 என்ற எண் உலகெங்கும் மந்திரம்போல் பரவிற்று. பள்ளிப் பிள்ளைகளையும் அந்த எண்ணால் தரம் பிரிக்கத் தொடங்கினார்கள்.

பின்னர் வந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. நார்வே நாட்டு விளையாட்டு வைத்திய அறிஞர் ரோல்ட் பார் 2016-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதன் காரணத்தை நன்றாக விளக்கியிருக்கிறார். அவருடைய வாதத்தை நம் வாசகர்களுக்காக ஒரு கற்பனைக் கணக்கால் சொல்லிப் பார்க்கிறேன். 100 பிள்ளைகளைச் சோதிக்கிறோம். 40 பேர் குறைந்த மதிப்பெண்ணும் 60 பேர் நல்ல மதிப்பெண்ணும் பெறுகிறார்கள். ஆண்டு முடிவில் முதல் கூட்டத்தில் 12 பேருக்கும், இரண்டாம் கூட்டத்தில் 12 பேருக்கும் காயம் உண்டாகிறது என்று கொள்வோம். முதல் கூட்டத்தில் நூற்றுக்கு முப்பது, இரண்டாவதில் நூற்றுக்கு இருபது; ஆகவே சோதனைக்கும் காயத்துக்கும் சம்பந்தம் இருக்கத்தான் இருக்கிறது. ஆயினும் காயமுற்றவர்களில் சரிபாதிப் பேர் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள். ‘அபாயம்’ என்று முத்திரை குத்தப்பட்ட 40 பேரில் 28 பேருக்கு ஒன்றுமே நேரவில்லை. இப்படிப்பட்ட சோதனையை நம்பி ஒரு பிள்ளையை அணியிலிருந்து நீக்குவதும், இன்னொரு பிள்ளைக்குப் பாதுகாப்புப் பயிற்சி வேண்டாம் என்று விட்டுவிடுவதும், இரண்டுமே அநியாயம்.

அப்படியானால் அசைவின் செம்மைக்கும் காயத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று முடிவுகட்டிவிடலாமா? கூடாது. யாருக்குக் காயம் வரும் என்று ஆரூடம் சொல்ல முடியாவிட்டாலும், எல்லோருக்கும் காயம் குறையும்படி செய்ய முடியும் என்பதுதான் கடந்த இருபது ஆண்டுகளில் விளையாட்டு வைத்தியம் கண்ட உறுதியான பெரும் பலன். எனக்கு இவ்விஷயத்தில் மிகுந்த நம்பிக்கை தருவதும் இதுவே.

பெண்பிள்ளைகளின் முழங்காலை எடுத்துக்கொள்வோம். கால்பந்து, கூடைப்பந்து, கைப்பந்து போன்ற ஆட்டங்களில் திடீரென்று நின்று திரும்பும்போதும், குதித்து இறங்கும்போதும், முழங்கால் உட்புறமாக மடிந்து, அதன் நடுவே குறுக்காகச் செல்லும் முன் ஜவ்வு அறுந்துபோவது, ஒரே ஆட்டம் ஆடும் ஆண்களைக் காட்டிலும் பெண்களுக்குப் பன்மடங்கு அதிகமாக நேர்கிறது. அறுவைச் சிகிச்சை, பல மாதம் ஓய்வு, பிற்காலத்தில் மூட்டுத் தேய்மானம் என்று நீளும் துன்பம் அது. ஸ்வீடனில் 12 முதல் 17 வயது வரையுள்ள 4,500-க்கும் மேற்பட்ட கால்பந்து வீராங்கனைகளை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியாருக்கு வாரம் இருமுறை கால் மணி நேரம், முழங்காலைப் பாதத்துக்கு நேராக நிறுத்திக் குந்தவும் குதிக்கவும் நடுவுடலை உறுதியாக வைத்திருக்கவும் கற்பித்தார்கள். 2012-இல் வெளியான முடிவின்படி, அவ்வாறு பழகியவர்களிடம் இந்த ஜவ்வுக் காயம் நூற்றுக்கு அறுபத்து நான்கு பங்கு குறைந்தது. யந்திரம் எதுவும் இல்லை, மருந்தும் இல்லை. வாரத்துக்கு அரை மணி நேரமும் கவனமுள்ள ஓர் ஆசிரியரும் போதுமானதாக இருந்தன. தேசிய மகளிர் கால்பந்துப் பட்டத்தை இருமுறை வென்ற தமிழகத்தில், கிராமத்து மைதானங்களிலிருந்து எழுந்து வரும் நம் பெண்பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்க முடியாது என்று சொல்ல யாருக்கும் நியாயமில்லை.

சர்வதேசக் கால்பந்து சங்கமான ஃபிஃபா பிரசாரம் செய்துவரும் ‘11 பிளஸ்’ என்னும் பயிற்சிமுறையும் இத்தகையதே. மெதுவான ஓட்டம், அதன்பின் நடுவுடல் பலத்துக்கும் சமநிலைக்கும் குதித்தலுக்குமான அப்பியாசங்கள், முடிவில் வேக ஓட்டமும் திசைமாற்றமும் என்று சுமார் 20 நிமிஷத்தில் முடிந்துவிடும். நார்வேயில் 13 முதல் 17 வயதுள்ள ஏறக்குறைய 1,900 வீராங்கனைகளிடம் இதைப் பரீட்சித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், பலத்த காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. சிறு பிள்ளைகளுக்கென்று மாற்றியமைத்த முறையை ஐரோப்பாவின் நான்கு நாடுகளில் 7 முதல் 13 வயதுப் பிள்ளைகளிடம் சோதித்தபோதும், காயங்கள் சுமார் பாதியளவு குறைந்ததாக 2018-இல் அறிவித்தார்கள். ஒழுங்காகவும் அடிக்கடியும் செய்த அணிகளே மிகுந்த பலனடைந்தன. பந்தயத்துக்கு முந்தின நாள் மட்டும் ஒப்புக்குச் செய்வது வீண்.

நம் பள்ளிகளில் ஆட்டத்துக்கு முன் என்ன நடக்கிறது? மைதானத்தை இரண்டு சுற்று ஓடுகிறார்கள். வட்டமாக நின்று கைகால்களை இழுத்து நீட்டிக்கொள்கிறார்கள். உடனே ஆட்டம் தொடங்கிவிடுகிறது. 26,000-க்கும் மேற்பட்டோரை உட்படுத்திய 25 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் டேனிஷ் அறிஞர்கள் வெளியிட்ட ஆராய்ச்சி, வெறும் நீட்டல் பயிற்சி காயத்தைத் தடுத்ததாகத் தெரியவில்லை என்றும், பலம் கூட்டும் பயிற்சியோ காயங்களை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கியது என்றும் கண்டது. பிள்ளைகள் பாரம் தூக்கினால் உயரமாக வளர மாட்டார்கள் என்னும் பழைய பயம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. தகுந்த மேற்பார்வையில், முறையறிந்து, சிறிது சிறிதாகப் பாரத்தைக் கூட்டினால் அவ்வாறு எதுவும் நேர்வதில்லை என்பது ஆய்ந்து கண்ட உண்மை. அதற்குப் பெரிய உடற்பயிற்சிக் கூடமும் தேவையில்லை. நம் பாட்டன்மார் செய்த தண்டாலும் பஸ்கியும், சரியான நிலையில் செய்யப்பட்டால், ஆரம்பத்துக்கு மிக உத்தமமானவை.

தேக பலமும் அசைவின் செம்மையும் வெவ்வேறு என்று தோன்றினாலும் களைப்பு வந்ததும் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. காலையில் இலட்சணமாக ஓடிவந்து வீசிய பையன் பதினைந்தாவது ஓவரில் இடுப்பைச் சாய்த்து, காலை இழுத்து, தோளின் வலிமையாலேயே பந்தைத் தள்ளுகிறான். தசைகள் தாங்கவேண்டியதை அப்போது எலும்பும் ஜவ்வும் தாங்க நேர்கிறது. அதனால்தான் இங்கிலாந்துக் கிரிக்கெட் வாரியம், 13 வயதுக்கு உட்பட்ட வேகப்பந்து வீச்சாளர் தொடர்ச்சியாக 5 ஓவருக்கு மேலும் ஒரு நாளில் 10 ஓவருக்கு மேலும் வீசலாகாது என்று நெடுநாள் விதித்திருந்தது. அமெரிக்காவின் சிறுவர் பேஸ்பால் அமைப்பு 2007 முதல் ஒரு நாளில் எறியும் பந்துகளையே எண்ணி வரம்பு கட்டியது. பந்தயத்தில் வீசுவதைவிட வலைப்பயிற்சியில் வீசுவதே நம் பிள்ளைகளுக்கு அதிகம். அங்கே எண்ணுவார் யாருமில்லை.

தூக்கத்தையும் இங்கே மறந்துவிடக் கூடாது. லாஸ் ஏஞ்சலஸ் பள்ளியொன்றின் விளையாட்டு மாணவர்களைப் பற்றிய ஆய்வில், 8 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குக் காயம் உண்டாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட 1.7 மடங்கு இருந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு மைதானம், பகல் முழுவதும் பள்ளி, மாலையில் மறுபடி பயிற்சி, இரவு பத்து மணி வரை டியூஷன் என்று ஓடும் நம் பிள்ளைகளுக்கு அந்த எட்டு மணி நேரம் எங்கிருந்து வரும்? ஒரு வாரத்தில் ஒரு பிள்ளை எத்தனை மணி நேரம் முறையான பயிற்சி செய்யலாம் என்பதற்குச் சிகாகோ ஆய்வாளர்கள் எளிய அளவுகோல் ஒன்று சொல்லியிருக்கிறார்கள்: அவன் வயது எத்தனையோ, அத்தனை மணிக்கு மேற்பட வேண்டாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வாரம் 12 மணி நேரம். ஒரே ஆட்டத்தை ஆண்டு முழுவதும் ஆடுவதைவிட, சிறு வயதில் இரண்டு மூன்று ஆட்டங்களை மாற்றி மாற்றி ஆடுவது தேகத்துக்கு நல்லது என்பதும் அவர்களுடைய அபிப்பிராயம்.

வலியை மறைத்து ஆடுவதற்கு நம் சமூகத்தில் வலுவான காரணங்கள் இருக்கின்றன என்பதை நான் அறியாதவனல்லன். கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டு இடத்துக்கு மாநிலப் போட்டிச் சான்றிதழ் வேண்டும். ஏழைக் குடும்பத்துப் பையனுக்கு அதுவே வேலைக்கும் வழி. அத்தகைய பிள்ளை தன் முதுகு வலிக்கிறது என்று பயிற்சியாளரிடம் சொல்லத் தயங்குவான். ஆகையால் கேட்க வேண்டியது பெரியவர்களின் பொறுப்பு. பின்னால் வளையும்போது இடுப்பின் ஒரே பக்கத்தில் வலிக்கிறது என்று இளம் வீச்சாளன் சொன்னால், எண்ணெய் தேய்த்து ஒத்தடம் கொடுத்துவிட்டு மறுநாள் வீசச் சொல்லாமல், எலும்பு வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். தொடக்கத்திலேயே கண்டுகொண்ட முறிவு சில மாத ஓய்வில் பெரும்பாலும் கூடிவிடும். முற்றவிட்டால் கூடாமலே போகலாம்.

கோடை விடுமுறை முகாமில் பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோரை ஒன்று வேண்டிக்கொள்கிறேன். கட்டணம் எவ்வளவு, எந்தப் பெரிய ஆட்டக்காரர் வருவார் என்று விசாரிப்பதற்கு முன், முகாம் நடத்துவோரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: ஒவ்வொரு நாளும் ஆட்டத்துக்கு முன் இருபது நிமிஷம் பலத்துக்கும் சமநிலைக்கும் குதித்து இறங்குவதற்கும் பயிற்சி உண்டா? என் பிள்ளை ஒரு நாளில் எத்தனை பந்து வீசுகிறான் என்று யாராவது எழுதி வைக்கிறார்களா? இரண்டுக்கும் நேரான பதில் கிடைக்காத இடத்தில் பிள்ளையைச் சேர்க்க வேண்டாம்.